பாவாடை நாடாவும் பெட்ரோல் மூடியும்

நைட்டி விற்கிற தொழிலில் நைட்டி விற்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. விற்கப் போகிற வண்டி பாதி வழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேருவதுதான் கஷ்டம். பழைய மொபட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஏதாவது ஒரு மைல்கல் பக்கத்தில் நின்று, வண்டியைப் பார்த்து, "நேத்து நல்லாத்தான இருந்த" என்று கேட்டவர்களாகத்தான் இருப்பீர்கள்.

என் மொபட் என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்த வண்டி. அவிய தவறி எட்டு வருசம் ஆகிறது. மகள் செல்வி கல்யாணமாகிச் சாத்தூர் போவதற்கு முன்னால், எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த வியாபாரம் துணி வியாபாரம். காலையில் செண்பகவல்லி அம்மன் படத்துக்கு முன்னால் சாவியை வைத்துக் கும்பிட்டு, ஹேண்டிலில் விபூதி பூசி, பின்னால் நைட்டி மூட்டை, முன்னால் உள்பாவாடைகளும் நாடாக் கட்டும் என்று கிளம்பிவிடுவேன். திங்கள் கடம்பூர், புதன் பசுவந்தனை, வெள்ளி குளத்தூர். இந்த ஊர்களில் எனக்குப் பெயர் நைட்டி அக்கா.

மகன் கார்த்தி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். தினமும் போன் போடுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பான்: "நடுக்காட்டுல வண்டி நின்னா யாரும்மா வருவா?" போன தைப்பொங்கலுக்கு முன்னாலேயே, பொங்கலுக்கு வரும்போது வண்டியை விற்றுவிட்டு என்னைக் கையோடு கூட்டிப் போவதாக முடிவே சொல்லிவிட்டான். பாசத்தில் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கோ ஊர்த் தலைவாசலில் ஹாரன் அடித்ததும் "அக்கா வந்தாச்சு" என்று நாலு கதவு திறப்பதை விட்டுவிட்டு, ஒரு மாடி வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு இருக்க மனசு வரவில்லை. தாயே, இந்த வண்டி என் கையிலேயே இருக்கட்டும் என்பதுதான் அந்த நாட்களில் என் வேண்டுதல். வண்டி நின்றபோதெல்லாம் யார் யார் வந்தார்கள் என்று அவனிடம் போனில் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மூன்று கிலோமீட்டர் கால்

தொழில் தொடங்கிய புதிது. கடம்பூர் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், டேங்கில் சத்தமே இல்லை. பெட்ரோல் போடவேண்டும் என்று நினைத்ததும், போடாமலே கிளம்பியதும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. ஒரு மரம் கிடையாது. நின்று கந்த சஷ்டிக் கவசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதி முடிவதற்குள் பால் கேன் கட்டிய பைக் ஒன்று வந்து நின்றது. சுடலைமுத்து அண்ணாச்சி. கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே பால் எடுக்கிறவர். அன்றைக்குத்தான் முதல் பழக்கம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை மட்டும் நேராகப் பிடிக்கச் சொன்னார். அவர் பைக்கை என் வலப்பக்கம் கொஞ்சம் பின்னால் ஓட்டிக்கொண்டு, இடது காலை நீட்டி என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி போக ஆரம்பித்தது. இஞ்சின் சத்தம் இல்லாமல் வண்டி ஓடுவதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஏதோ பேய் ஓட்டுகிற மாதிரி இருக்கும். எதிரே ஒரு லாரி. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்க் வாசலில் காலை எடுத்துவிட்டு அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை, ஆனால் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, அம்மனை மனசுக்குள்ள நல்லாக் கும்பிடுங்க. கண்ணை மட்டும் தொறந்து வச்சுக்கிடுங்க."

வைத்தியர்கள்

நம் பக்கம் ரோட்டோரம் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வருவதில் குறையே இல்லை. என்ன, வருகிற ஒவ்வொருவரும் வைத்தியர். பசுவந்தனை ரோட்டில் என் வண்டி நாலு கிலோமீட்டர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. முதலில் வந்தவர் பிளக்கைக் கழற்றி, கரி பிடித்திருக்கிறது என்று சொல்லி, துடைக்கத் துணி கேட்டார். மூட்டையில் இருப்பது எல்லாம் புதுத் துணி. மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு உள்பாவாடையைக் கொடுத்தேன். இரண்டாவதாக வந்தவர் பிளக்கில் ஒன்றும் இல்லை, கார்பரேட்டரில் தூசி என்று அதை ஊதினார். மூன்றாமவர் ஒன்றையும் தொடாமல், வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டு நிமிர்த்தினார். மூன்று பேருக்கும் வாக்குவாதம் வந்து, நான்தான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துச் சமாதானம் செய்து வைத்தேன்.

நாலாவதாக ஒரு ஆட்டுக்காரர் மொபட்டில் வந்தார். முன்னால் சாக்குப் பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு குட்டி. இறங்கினார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, என் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ் என்று ஒரு சத்தம். மறுபடி மூடினார். மிதித்தால் வண்டி கிளம்பிவிட்டது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டாம், கரிசல் தூசி போய் அதை அடைத்துக்கொண்டதாம். அந்த மாடல் மூடி இப்போது கடையில் வருவதில்லை. ஊசியால் குத்தி விட்டாலும் இரண்டு நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இறங்கி, மூடியை ஒருதடவை திறந்து மூடி, "முருகா" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். நைட்டி அக்கா வண்டிக்கு மூச்சு விட்டுட்டு வாராங்க என்று ரோட்டில் போகிற வருகிற எல்லாரும் கேலி செய்யுமளவுக்கு அது பழக்கமாகிவிட்டது. அந்த ஆட்டுக்காரர் அன்றைக்குப் போகும்போது சொன்னதும் அதுதான்: "உள்ள இருக்கதை வெளிய விடணும்னா வெளிய இருக்கதை உள்ள விடணும்லா தாயி. அதுக்கும் மூச்சு முட்டும்ல."

மயில் கலர்

ஐப்பசி மழை ஒன்று பெய்து முடிந்த மறுநாள், குளத்தூருக்குப் பக்கத்தில் சுற்றுவழி எதற்கு என்று காட்டுப்பாதையில் இறங்கிவிட்டேன். கரிசல் மண்ணை அறிந்தவர்கள் யாரும் செய்யாத காரியம். ஐம்பதடி போவதற்குள் மண் உருண்டு உருண்டு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கல்லு மாதிரி அடைத்துக்கொண்டது. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இறங்கினால் என் செருப்பு மண்ணோடு நின்றுகொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது.

உப்பளத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த இரண்டு பெண்கள் மேட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஒரு உடைமரக் குச்சியை ஒடித்து ஒருத்தி குத்திவிட, மற்றவள் கையாலேயே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். முழங்கை வரை கறுப்பு. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு மனசு கேட்காமல் ஆளுக்கு ஒரு நைட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ரோசம் வந்துவிட்டது. ரோட்டில் நிற்கிற ஆளைத் தூக்கிவிட்டதற்குத் துணி வாங்குவார்களா என்று என்னையே திட்டினார்கள். பிறகு மூத்தவள், மண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூட்டையையே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா தந்தா வேண்டாம்க்கா. ஆனா அந்த மயில் கலரை யாருக்கும் குடுத்துராதீய. கையைக் கழுவிட்டு வீட்டுல வச்சு வெலை பேசுவோம்."

ஸ்பேர் நாடா

வாங்கிக்கொண்டே இருந்தால் எப்படி, நானும் கொடுக்க வேண்டாமா? மணியாச்சிக்குப் பக்கத்தில் ஒரு நாள், பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பள்ளிக்கூட வாத்தியார். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. பரீட்சை மேற்பார்வைக்குப் போகிற அவசரம், இன்னும் அரை மணி நேரத்தில் ஹாலில் இருக்க வேண்டுமாம். இதுவும் நானாக விசாரித்துத்தான் சொன்னார், உதவி என்று கேட்கவில்லை. ஒரு பொம்பளையிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பார்.

கேபிள் அறுந்தால் கயிறு கட்டி இழுக்கலாம் என்று சுடலைமுத்து அண்ணாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் கயிறு இல்லை, பாவாடை நாடா இருந்தது, அதுவும் அன்றைக்குப் பார்த்து ரோஸ் கலர் மட்டும்தான். அவர் நாடாவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாங்கி, கேபிளின் மிச்சத்தில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். பைக் உறுமியது. ரோஸ் நாடாவைக் குதிரைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் போய்விட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்ற கவலையில் அன்றைக்கு ராத்திரிச் சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த ஊரில் ஒரு வீட்டம்மா என்னிடம் நாடா கேட்டாள். பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது, வாத்தியார் வீட்டம்மா அவள்தான். நேரத்துக்குப் போய்விட்டாராம். "உங்க நாடாவைத் துவைச்சு, மடிச்சு, வண்டிப் பெட்டியில வச்சிருக்காவ. எம் பாவாடைக்குக் கேட்டா, அது ஸ்பேர், தர முடியாதுங்காவ."

மீசைக்காரர்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஒரு தடவை எட்டயபுரம் ரோட்டில் பெரிய மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். நான் நிற்கவில்லை. பயம். எனக்கு எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள், நான் ஒருத்தருக்கு நிற்காமல் போகிறேனே என்று மனசு குத்த ஆரம்பித்தது. ஒரு கிலோமீட்டர் போய், தாயே நீதான் துணை என்று வண்டியைத் திருப்பினேன். போய்ப் பார்த்தால் வேறு ஒருவர் வந்து டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி, பயந்துதான் போய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல என்னக்கா இருக்கு? எம் மூஞ்சிக்கு எங்கம்மாவே நிறுத்த மாட்டா."

திருடன்

பொங்கலுக்குக் கார்த்தி வந்தான். சொன்னபடியே கடம்பூரில் பழைய வண்டி வாங்குகிற ஒரு கடைக்காரரிடம் வண்டிக்குப் பேசி வைத்திருந்தான். மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் காலை, அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பிரேக் பிடிக்குமா என்று கேட்டான். பிடிக்கும் என்றேன். பெட்ரோல் இருக்கா என்றான். இருக்கு என்றேன். வேறு எதுவும் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெயிலுக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தூசிக்கு மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு, நான் நைட்டித் துணியில் சூரியகாந்திப் பூப்போட்டுத் தைத்த சீட் உறையின் மேல் உட்கார்ந்து போனான். வண்டி தெரு முனை திரும்புகிற வரை பார்த்துவிட்டு வந்து, அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுதேன்.

பத்து மணி வாக்கில் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் இருந்து போன். பதறாதீய அக்கா என்று அவரே பதற்றமாக ஆரம்பித்தார். என் வண்டி களவு போயிருக்கிறது, ஆளைப் பிடித்து ரோட்டோரம் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார்.

நடந்தது இதுதான். மூச்சு விடாமல் ஓட்டினால் வண்டி என்ன செய்யும்? மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நின்றுவிட்டது. கார்த்தி இறங்கி இரண்டு நிமிசம் ஆகவில்லை, ஒரு பைக் வந்து நின்றிருக்கிறது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது பால் கேனோடு அண்ணாச்சி. உதவி செய்யக் குனிந்தவர்கள் சூரியகாந்தி உறையையும் ஹேண்டிலில் விபூதியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். இது நைட்டி அக்கா வண்டியல்லவா, நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள். எங்க அம்மா வண்டி என்று இவன் சொல்லியிருக்கிறான். அக்கா மகன் என்றால் வண்டி ஏன் நிற்கிறது என்று சொல்லு பார்ப்போம் என்று அண்ணாச்சி ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். இவன் பிளக் என்றிருக்கிறான். அப்புறம் கார்பரேட்டர் என்றிருக்கிறான். அதோடு முடிந்தது. இந்த ரோட்டில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்த விஷயம் தெரியாதவன் திருடனாகத்தான் இருக்க முடியும் என்று மூன்று பேரும் தீர்ப்புச் சொல்லி, சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அது என் மகன்தான் அண்ணாச்சி, விட்டுருங்க என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "உங்க மனசு எனக்குத் தெரியும்க்கா. திருடனையும் மகன்னுதான் சொல்லுவிய" என்றார். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள், தாடையில் சின்ன வயசில் விழுந்த தழும்பு இருக்கும் என்று அடையாளம் சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டது. கார்த்திதான். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம். சாவியை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தான். கடைக்காரரிடம் போய், வண்டி கொடுக்கிறதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தானாம். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டி, எங்கே போகிறான் என்று விசாரித்திருக்கிறார். இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். பிறகு அண்ணாச்சி, அக்காவைத் தாராளமாகக் கூட்டிட்டுப் போங்க தம்பி, அங்கன வண்டி நின்னா எத்தனை பேரு நிப்பாகன்னு மட்டும் பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் பால் கேனோடு கிளம்பிவிட்டாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, போளியைப் பிய்த்து என் வாயில் ஒரு துண்டு வைத்துவிட்டு, கார்த்தி என்னையே பார்த்தான். "வண்டி நின்னா யாரு வருவான்னு கேட்டேன்லாம்மா? மூணு பேரு வந்தாக, மூணு பேரும் என்னை அடிக்க வந்தாக. அது இருக்கட்டும், அந்த மூடி விசயத்தைக் காலைல ஏம்மா சொல்லலை?"

மறந்துபோச்சுப்பா என்றேன், அது மறதியா இல்லையா என்பது செண்பகவல்லித் தாய்க்குத் தெரியும், நல்லவேளை, அவள் எதையும் வெளியே சொல்லுகிற ஆள் இல்லை.